இரண்டாம் முறையும் ஜாம் ஆன ஜெட் ஸ்கி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் உப்பங்கழியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓடும் ஜெட் ஸ்கி இது. இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 701 சிசி. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். இன்று விற்கும் புதிய ஜெட் ஸ்கிகள் பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள்தான். ஆனாலும் பழைய டூ-ஸ்ட்ரோக்குகளைப் பலர் இன்னும் விடாமல் ஓட்டுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பிரித்துப் பூட்டுவது எளிது. சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருப்பதால், தேய்ந்தால் போரிங் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வண்டியில் ஆயில் பம்பை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். பெட்ரோலிலேயே 50-க்கு 1 என்ற அளவில் ஆயில் கலந்து ஊற்றுவது வழக்கம். கலக்கும் வேலை அங்கே உதவியாளராக இருக்கும் ஓர் இளைஞருடையது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வண்டி கரையேறி, தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஜனவரியில் மறுபடி இறக்கியபோது சில வாரங்களிலேயே பின் சிலிண்டர் ஜாம், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. வேறொரு பட்டறையில் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் 0.25 மி.மீ. போரிங் செய்து புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு, ஆயில் குறைவாகக் கலந்திருப்பார்கள் என்று பதில். ஏப்ரலில், கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்கும் நேரத்தில், அதே சிலிண்டர் மறுபடியும் ஜாம் ஆனது. பழி அதே உதவியாளர் மேல் விழுந்தது. வேலையைவிட்டு அனுப்பிவிடலாமா என்று உரிமையாளர் யோசித்துக்கொண்டிருந்த நிலையில்தான் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

பிரிப்பதற்கு முன் கேட்டவை

உரிமையாளரின் கோரிக்கை சுருக்கமானது: பிஸ்டனை மாற்றி சீக்கிரம் கொடுங்கள், மே மாதம் போனால் வருமானம் போய்விடும். அவருடைய அவசரம் நியாயமானதுதான். ஆனால் ஒரு பிஸ்டன் சும்மா ஜாம் ஆவதில்லை. ஏதோ ஒன்று அதை ஜாம் ஆக்குகிறது. அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது பிஸ்டனைப் போட்டால், நான்காவதுக்கும் இப்போதே பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். இதை அவரிடம் சொல்லி, தண்ணீரில் வண்டியை ஓட்டுகிறவர்களிடம் தனியாகப் பேச அனுமதி கேட்டோம். ஒத்துக்கொண்டார்.

ஓட்டுநர்கள் சொன்னதில் மூன்று விஷயங்கள் எங்கள் காதில் நின்றன. ஒன்று, தொல்லை பெரும்பாலும் காலை முதல் ரவுண்டுகளில்தான், அதுவும் டேங்க் நிறைய ஊற்றிய பிறகு. இரண்டு, கிளம்பியதும் நன்றாக இழுக்கும். பத்து நிமிடம் போல ஓடியதும் முழு த்ராட்டிலில் மூச்சு முட்டும். த்ராட்டிலைக் குறைத்தால் தள்ளாடியபடி கரைக்கு வந்துவிடும். மூன்று, கரைக்கு வந்து பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும். டேங்க் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்போதுகூட ‘ஊற்றினால் சரியாகும்’ என்பதை அவர்கள் ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் முன்பு மீன்பிடி ஃபைபர் படகில் அவுட்போர்டு ஓட்டியவர். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தோம்: “சார், அவுட்போர்டு டேங்க் மூடியில காத்துத் திருகு இருக்கும். அதத் திறக்க மறந்துட்டு கடலுக்குப் போனா கொஞ்ச தூரம் ஓடி அப்படியே அமுங்கிடும். இதுவும் அதே மாதிரிதான் அமுங்குது. மூடியத் திறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வருது, காத்து உள்ள போற சத்தம்.” முந்தைய பட்டறையிலும் இதைச் சொன்னாராம். அங்கே யாரும் காது கொடுக்கவில்லை.

இந்த ஒரு வாக்கியமே பாதி வேலையை முடித்துவிட்டது என்று சொல்லலாம். இருந்தாலும் ஒரு சொல்லை நம்பி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஜாம் ஆக அரை டஜன் காரணங்கள் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் வரலாம்.

பிரித்ததில் தெரிந்தவை

முதலில் கம்ப்ரஷன். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் கேப்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து அளந்தோம். த்ராட்டிலை மூடி வைத்து அளந்தால் காற்று உள்ளே வராமல் எண் குறைவாகக் காட்டும். இந்தத் தவறான எண்ணை நம்பி நல்ல எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. முன் சிலிண்டர் 145 பிஎஸ்ஐ. பின் சிலிண்டர் 60-ஐத் தாண்டவில்லை.

ஹெட்டைக் கழற்றி சிலிண்டரைத் தூக்கியதும் பின் பிஸ்டனைப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழ்வரை உரசி, அலுமினியம் உருகி ரிங்கின் மேல் பூசிக்கொண்டிருந்தது. தலைப்பகுதியில் எக்ஸாஸ்ட் ஓரம் லேசாகக் கரைந்திருந்தது. பிளக் வெளுத்துப் போயிருந்தது.

ஜாம் ஆன பிஸ்டனில் உரசல் எங்கே விழுந்திருக்கிறது என்பது காரணத்தைப் பற்றி நிறையச் சொல்லும். எஞ்சின் சூடாகும் முன்னே முழு த்ராட்டில் கொடுத்து ஜாம் ஆனால் பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் செங்குத்தாக உரசல் விழும். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் எக்ஸாஸ்ட் பக்கத்தோடு நிற்காது. இன்டேக் பக்கமும் காயும், கனெக்டிங் ராடின் பேரிங்குகள் நீலம் பாயும். வெடிப்பு சீராக இல்லாமல் தட்டி ஓடியிருந்தால் தலையில் மணல் தெறித்த மாதிரி குழிகள் இருக்கும். இங்கே இருந்தது எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும், வெப்பத்தால் விழுந்த உரசல். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதன் கையெழுத்து அது.

ராடின் பேரிங்குகள் நிறம் மாறாமல் வழவழப்பாக இருந்தன. சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் ஆயில் படலம் இருந்தது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலிலும் ஆயிலின் நிறம் சரியாகவே இருந்தது. உதவியாளர் ஆயில் கலக்காமல் விட்டிருந்தால் இவை எதுவும் இப்படி இருக்காது. இதை அன்றே உரிமையாளரை வரவழைத்துக் காட்டினோம். பழுது முடியும்வரை காத்திருக்கவில்லை. ஒருவருடைய வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து முன் பிஸ்டன். இதை முந்தைய பட்டறையில் கழற்றவே இல்லை, கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறதே என்று. கழற்றிப் பார்த்தால் அதன் எக்ஸாஸ்ட் பக்கத்திலும் உரசலின் தொடக்கம் தெரிந்தது. நகத்தால் தடவினால் மட்டுமே தட்டுப்படும் அளவு. எங்களுக்கு இது முக்கியமான தடயம். பின் சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் அந்தச் சிலிண்டருக்கே உரிய காரணத்தைத் தேடினால் போதும். இரண்டிலும் ஒரே மாதிரி உரசல், ஒன்றில் அதிகம், மற்றதில் குறைவு என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணமும் பின் சிலிண்டரை மட்டும் முந்திக்கொள்ள வைத்த இன்னொரு காரணமும் இருக்க வேண்டும்.

விலக்கிய சந்தேகங்கள்

குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதையைத் திறந்து பார்த்தோம். உப்பங்கழியின் முகத்துவாரம் கோடையில் மணல் மூடி ஆழம் குறையும்போது, தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் ஜெட் பம்ப் மணலை இழுப்பது சகஜம். இங்கே பாதை சுத்தமாக இருந்தது; ஹெட்டிலும் சூடேறி நிறம் மாறிய அடையாளம் இல்லை.

டேங்க் பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஓர் இரவு வைத்தோம். பெட்ரோலில் கலந்து விற்கப்படும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடுக்கில் ஆயில் இருக்காது, ஆனால் டேங்கின் உறிஞ்சு குழாய் அடியிலிருந்துதான் இழுக்கும். மழைக்காலம் முழுக்க நின்ற வண்டி என்பதால் இதைப் பார்க்காமல் விட முடியாது. குடுவையில் அடுக்கு எதுவும் பிரியவில்லை.

கிராங்க் அறையை அடைத்து வைக்கும் கிராங்க் சீல் கசிந்து வெளிக்காற்றை உறிஞ்சினாலும் இதே மாதிரி உரசல் வரும். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை ரப்பர் ஷீட்டும் அலுமினியத் தகடும் வைத்து அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். சிலிண்டரைக் கழற்றும் முன்னரே செய்து வைத்த சோதனை இது. முள் அசையவில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் இந்தச் சோதனையைச் செய்யாமல் பிஸ்டன் போடுவதை நாங்கள் ஏற்பதில்லை. அரை மணி நேர வேலை அது. ரீட் வால்வுகள், இக்னிஷன் டைமிங் இரண்டும் சரியாக இருந்தன.

பின் கார்புரேட்டர்

கார்புரேட்டர்களை முழுக்கப் பிரித்தோம். பெட்ரோல் நுழையும் இடத்தில் ஒரு சிறிய மூடிக்கு அடியில் நாணய அளவில் ஒரு வலை உண்டு. வாய் வழியாகப் பார்த்தால் தெரியாது. மேலே ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தாலும் அதைத் தொடாது. முன் கார்புரேட்டரின் வலையில் கொஞ்சம் அழுக்கு. பின் கார்புரேட்டரின் வலை பாதிக்கு மேல் கறுப்பு மசியால் அடைபட்டிருந்தது. தேய்த்தால் விரலில் ஒட்டும் மசி.

அது பெட்ரோல் ஓஸின் உள்தோல். ஓஸை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் உட்புறம் ஊறி உரிந்துகொண்டிருந்தது. இந்த ஓஸ் பொருத்தப்பட்ட காலத்தில் பெட்ரோலில் எத்தனால் இவ்வளவு இல்லை. இந்தியாவில் 2022 ஜூனில் சராசரி கலப்பு 10 சதவீதத்தை எட்டியது; 2025-இல் 20 சதவீதம். படகு எஞ்சின் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தங்கள் கையேடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். பழைய ரப்பர் இதைத் தாங்காது.

பின் சிலிண்டர் ஏன் முதலில் போனது என்பதற்கு விடை கிடைத்தது. முந்தைய பட்டறை இங்கே வரை வந்திருந்தால்கூட அடைப்பை எடுத்துவிட்டு, காரணம் கிடைத்துவிட்டது என்று மூடியிருக்கலாம். ஆனால் முன் பிஸ்டனின் உரசலை இந்த வலை விளக்கவில்லை. காலை ரவுண்டுகளை விளக்கவில்லை. மூடியைத் திறந்தால் வரும் சத்தத்தையும் விளக்கவில்லை.

டேங்க் ப்ரீதர்

ஜெட் ஸ்கியின் பெட்ரோல் டேங்கில் காற்று உள்ளே வர ஒரு சிறு குழாய் உண்டு. அதில் ஒருவழி வால்வு இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்றை உள்ளே விடும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாமல் தடுக்கும். கையடக்கமான பிளாஸ்டிக் சாமான். கையேட்டைப் பார்த்து பராமரிப்பு செய்பவர்கள்கூட அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கழற்றி வாயால் ஊதினோம். இரண்டு பக்கமும் காற்று போகவில்லை.

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. இதுதான் பொதுக் காரணம் என்று நிரூபிக்க நேரான வழி, புது பிஸ்டன்களைப் போட்டு, இதே வால்வோடு தண்ணீரில் ஓட்டி, மூச்சு முட்டுகிறதா என்று பார்ப்பது. அதைச் செய்ய நாங்கள் தயாராக இல்லை. சோதனை வெற்றி பெற்றால் பிஸ்டன் போய்விடும். எனவே எஞ்சின் இல்லாமலே செய்தோம். திறந்த வெளியில், நிழலில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, பழைய வால்வைத் திரும்பப் பொருத்தி, மூடியை இறுக்கினோம். ப்ரீதர் குழாயில் டேங்குக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு வாக்யூம் கேஜ். கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் முனையில் ஒரு கைப்பம்ப்.

முதல் லிட்டர் தாராளமாக வந்தது. அதற்குப் பிறகு ஓட்டம் மெலிந்தது. ஒன்றரை லிட்டரில் கேஜ் முள் 4 அங்குல பாதரசத்தைத் தாண்டியிருந்தது. டேங்கின் பக்கச் சுவர்கள் உள்வாங்கியதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இரண்டு லிட்டர் ஆவதற்குள் பெட்ரோல் நின்றேவிட்டது. மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தினோம். மூத்த ஓட்டுநர் சொன்ன அதே சத்தம். பெட்ரோல் மறுபடி பாய்ந்தது. உரிமையாளரும் உதவியாளரும் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள்.

வால்வை அறுத்துப் பார்த்தபோது உள்ளே உப்புப் படிவும் நுண்மணலும் இறுகி, அடைப்பானை அதன் இருக்கையோடு ஒட்ட வைத்திருந்தன. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் இந்த வால்வு அசைந்துகொண்டே இருக்கும், படிவு இறுகாது. மழை மாதங்களில் நின்ற வண்டியில் உள்ளே இருந்த உப்பு ஈரம் மெல்லக் காய்ந்து கெட்டியாகியிருக்கிறது. தொல்லை ஜனவரியில் தொடங்கியதற்கு இதுதான் காரணம் என்று முடிவு செய்தோம்.

ஏன் காலையில், ஏன் டேங்க் நிறைந்திருக்கும்போது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரையும் திசைதிருப்பியது இதுதான். டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது பெட்ரோல் பற்றாக்குறை என்று யாருக்குத் தோன்றும்?

இந்த டேங்க் ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும். நிறைய ஊற்றினால் மேலே 4 லிட்டர் அளவு காற்றுதான் மிஞ்சும். இந்த ரக எஞ்சின் முழு த்ராட்டிலில் மணிக்கு 25 லிட்டருக்கு மேலேயே குடிக்கும். பத்து நிமிட ஓட்டத்தில், இடையில் மெதுவாகப் போவதையும் கணக்கில் சேர்த்தால், இரண்டு லிட்டர் போய்விடும். வெளிக்காற்று உள்ளே வராவிட்டால் 4 லிட்டர் காற்று 6 லிட்டர் இடத்தில் விரிய வேண்டும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டினாலும் அழுத்தம் கணிசமாக விழும். அதே வண்டி கால் டேங்கில் ஓடும்போது மேலே 30 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் இரண்டு லிட்டர் கூடினால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் எஞ்சின் பட்டினி கிடந்தது.

மதியத்தில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. வெயிலில் ஹல் (வண்டியின் உடற்கூடு) சூடாகி, டேங்கில் பெட்ரோல் ஆவி அதிகம் கிளம்பும். அந்த ஆவியின் அழுத்தம் வாக்யூமை ஓரளவு நிரப்பிவிடும். குளிர்ந்த காலையில் அந்த உதவி கிடைப்பதில்லை.

ஆயில் விஷயத்தில் அந்த இளைஞர் மேல் விழுந்த பழிக்கும் இதிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் எஞ்சினில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் கூடவே குறையும். கலவை சரியாக 50-க்கு 1 இருந்தாலும் சிலிண்டருக்குள் போகும் மொத்த அளவே குறைந்தால், ஒரு பக்கம் வெப்பம் ஏறுகிறது, மறுபக்கம் உயவு குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் பிஸ்டன் இவ்வளவு வேகமாகப் போகிறது.

முந்தைய பட்டறை டிரெய்லரில் தண்ணீர் ஓஸ் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் டிரெய்லரில் ஜெட் பம்புக்குச் சுமை கிடையாது. சில நிமிடத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. அந்த ஓட்டத்தில் இந்தக் கோளாறு வெளியே வர வாய்ப்பே இல்லை.

எடுத்த முடிவுகள்

இரண்டு சிலிண்டரையும் 0.50 மி.மீ. போரிங். முன் சிலிண்டரைத் தேய்த்துவிட்டு அப்படியே ஓட்டலாம் என்று உரிமையாளர் கேட்டார். முன் பிஸ்டனின் உரசலைக் காட்டினோம். மேலும் பின்னால் 0.50, முன்னால் ஸ்டாண்டர்டு என்று எடை வேறுபட்ட பிஸ்டன்களை வைத்து ஓட்டுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கூடுதல் செலவுதான். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்ததால் மே மாதத்தின் முதல் பாதி போய்விட்டது. போரிங்கை ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்தே டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் செய்துவரும் ஒரு லேத்தில் கொடுத்தோம். போரிங் செய்த பிறகு, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்பு கத்தி முனையாக நிற்கும். அதைச் சாய்த்துத் தேய்க்காவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். ஃபோர்-ஸ்ட்ரோக் மட்டுமே செய்து பழகிய கடைகளில் இது தவறிப்போவது உண்டு. பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை பிஸ்டனோடு வந்த தாளில் இருந்தபடி வைக்கச் சொல்லி, பிஸ்டனையே கையில் கொடுத்தனுப்பினோம்.

கிராங்கைப் பிரிக்கவில்லை. உருகிய அலுமினியத் துகள் கீழே போயிருக்குமா என்ற கவலை இருந்தது. பலமுறை கழுவி, ஒவ்வொரு ராடையும் மேலும் கீழும் ஆட்டி, பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்த்து, சொரசொரப்பு இல்லை என்று உறுதியான பிறகே இந்த முடிவு. பிரித்திருந்தால் இன்னும் பாதுகாப்பு என்று சிலர் சொல்லலாம். செலவும் நாட்களும் இரட்டிப்பாகியிருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதபோது அதை உரிமையாளர் தலையில் கட்டுவது சரியாகப் படவில்லை.

பெட்ரோல் ஓஸ் அனைத்தும் மாற்றினோம், எஸ்ஏஇ ஜே1527 முத்திரையும் எத்தனால் தாங்கும் என்ற குறிப்பும் உள்ள படகு ஓஸ். இரண்டு கார்புரேட்டருக்கும் புது டயாஃப்ரம், நீடில், சீட். புது ப்ரீதர் வால்வு. மொத்தச் செலவில் அந்த வால்வின் பங்கு மிகச் சிறியது.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டைப் பெரிதாக்கிவிட்டால் இனி பெட்ரோல் குறையாது என்ற யோசனையும் வந்தது. அப்போதைக்கு மறுத்தோம். குழாயில் தண்ணீரே வராதபோது பெரிய டேப் வைத்து என்ன பயன்? அடைப்புகளை நீக்கி, தண்ணீரில் ஓட்டி, பிளக்கைப் பார்த்த பிறகு தேவையென்றால் தொடலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

ஓட்டுநர்கள் மூடியைத் தளர்த்தி வைத்தே ஓட்டும் ஒரு வழியையும் கண்டுபிடித்திருந்தார்கள். அதை உடனே நிறுத்தச் சொன்னோம். தளர்ந்த மூடி வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் போகும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் ஹல்லுக்குள் கொட்டும். மூடிய ஹல்லில் பெட்ரோல் ஆவி தேங்கி, ஸ்டார்ட்டர் பொறியில் பற்றினால் பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரு குடும்பத்தின் பிள்ளை. ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யும் முன் சீட்டைத் தூக்கி முகர்ந்து பார்ப்பதையும் அன்றிலிருந்து கட்டாயமாக்கச் சொன்னோம்.

தண்ணீரில் ஓட்டிப் பார்த்தது

சோதனை ஓட்டத்தைக் கோளாறுக்குச் சாதகமான சூழலிலேயே வைத்தோம்: விடிகாலை, டேங்க் நிறைய. ப்ரீதர் குழாயில் வாக்யூம் கேஜை அப்படியே விட்டிருந்தோம். புது பிஸ்டன் என்பதால் முதலில் மெதுவாக, சூடாக்கி ஆறவிட்டு, பிறகே கொஞ்சம் கொஞ்சமாக த்ராட்டில். முள் பூஜ்ஜியத்தை விட்டு நகரவில்லை.

பழகிய பிறகு முழு த்ராட்டிலில் ஓட்டி, கையில் கட்டிய கயிற்றை இழுத்து எஞ்சினை அப்படியே நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றினோம். மெதுவாக வந்து நிறுத்தினால் பிளக் வேறு நிறம் காட்டும். இரண்டும் ஒரே நிறம், ஆனால் எதிர்பார்த்த பழுப்பைவிட ஒரு சாயல் வெளிறியிருந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், 20 சதவீதக் கலப்பில் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் வறண்டே, அதாவது காற்று கூடியே அமையும். இன்ஜெக்ஷன் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளக்கூடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. இரண்டிலும் ஹை-ஸ்பீட் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்தோம். அடுத்த ஓட்டத்தில் பழுப்பு வந்தது. முன்பு மறுத்த ஜெட் மாற்றத்துக்குத் தேவை ஏற்படவில்லை.

பிறகு நடந்தது

மே மாதத்தின் மிச்சமும் அடுத்து வந்த வார இறுதிகளும் வண்டி தொல்லையின்றி ஓடியது. பருவமழைக்கு முன் மறுபடி கம்ப்ரஷன் பார்த்தோம்: முன் 150, பின் 148. அவரிடம் இருந்த இரண்டாவது ஜெட் ஸ்கியையும் கேட்டுவாங்கிப் பார்த்தோம். அதன் ப்ரீதர் வால்வு பாதி ஒட்டியிருந்தது. ஊதினால் தயங்கித் தயங்கித் திறந்தது. ஓஸின் உட்புறமும் ஊறத் தொடங்கியிருந்தது. பிஸ்டனைத் தொடாமலே அந்த வண்டி தப்பித்தது.

உதவியாளர் வேலையில் தொடர்கிறார்.

மாறியவை, மாற வேண்டியவை

அந்த இடத்தில் இப்போது ப்ரீதர் வால்வை மாதம் ஒருமுறை கழற்றி ஊதிப் பார்க்கிறார்கள். மழைக்காலத்துக்கு நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்கிறார்கள். தினசரி உப்பு கழுவும் முறையையும் திருத்தினோம். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பிறகு தண்ணீர் திறக்க வேண்டும். முடிக்கும்போது தண்ணீரை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். அவர்கள் தலைகீழாகச் செய்துவந்தார்கள். நின்ற எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும். இந்தப் பழுதுக்கு அது காரணமில்லை, ஆனால் அடுத்த பழுதுக்கு அதுவே காரணமாகியிருக்கும்.

எங்கள் பட்டறையில், பழுதுக்கு வரும் வண்டியை எடுத்துக்கொள்ளும்போது நிரப்பும் தாளில் சில கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். கோளாறு எந்த நேரத்தில் வருகிறது, அப்போது டேங்கில் எவ்வளவு இருந்தது, கரைக்கு வந்ததும் என்ன செய்தால் சரியாகிறது. இவற்றை உரிமையாளரிடம் கேட்டு நிரப்புவதில்லை. வண்டியை ஓட்டுகிறவரைக் கூட்டிவரச் சொல்லி, அவரிடமே கேட்டு எழுதுகிறோம். ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டு வந்தாலும் மற்றதையும் கழற்றிப் பார்க்க முன்கூட்டியே ஒப்புதல் வாங்குகிறோம். பழைய டூ-ஸ்ட்ரோக் எது வந்தாலும், என்ன கோளாறு என்று சொல்லி வந்தாலும், பெட்ரோல் ஓஸில் ஒரு துண்டைப் பிளந்து பார்த்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்குகிறோம்.